ஆளுக்கொரு பந்து

ஆசிரியருக்கு வணக்கம்.

டிவியில் மேட்ச் பார்க்கும் கணவனிடம், "ஒரே பந்துக்கு ஏங்க இத்தனை பேர் ஓடுறாங்க, ஆளுக்கொண்ணு வாங்கிக் கொடுத்துடலாமே" என்று மனைவி கேட்பதாகச் சென்ற வாரம் உங்கள் இதழில் ஒரு துணுக்கு வந்திருந்தது. நான் பள்ளியில் படித்தபோதே அது பழைய ஜோக். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். அன்று மாலை என் மகள் அலுவலகத்திலிருந்து ஒரு கதையோடு வந்ததால் எழுதுகிறேன்.

டீ நேரத்தில் முந்தின நாள் கிரிக்கெட் மேட்ச் பற்றிப் பேச்சு வந்திருக்கிறது. புதுப்பந்துக்கு, பேட்ஸ்மேனுக்குப் பின்னால் கேட்சுக்கு நிற்கும் ஸ்லிப் இன்னொருவரை வைத்திருக்கலாம் என்று இவள் சொல்லியிருக்கிறாள். உடனே ஒருவர், "அட, மேட்செல்லாம் பார்ப்பீங்களா? கூக்ளிக்கும் தூஸ்ராவுக்கும் என்ன வித்தியாசம், சொல்லுங்க பார்ப்போம்" என்றாராம். இரண்டும் எதிர்பாராத பக்கம் திரும்பி ஏமாற்றும் பந்துகள், முன்னது லெக் ஸ்பின்னர் போடுவது, பின்னது ஆஃப் ஸ்பின்னர் போடுவது என்று சரியாகவே சொல்லியிருக்கிறாள். "பரவாயில்லையே! அண்ணன் சொல்லிக் கொடுத்தாரா?" என்பது அடுத்த கேள்வி. அவள் எனக்கு ஒரே பிள்ளை.

எனக்கும் இந்தப் பரீட்சை புதிதில்லை. மிட் ஆன் எங்கே, கவர் எங்கே என்று நான் கற்றது வானொலித் தமிழ் வர்ணனையில். அப்துல் ஜப்பார் பேசப் பேச, சமையலறைத் தரையில் கோலமாவால் ஃபீல்டர்களுக்குப் புள்ளி வைப்பேன். 1999 ஜனவரியில் பாகிஸ்தான் டெஸ்ட்டுக்கு அப்பாவோடு சேப்பாக்கம் போகிறேன் என்றதும், கூடப் படித்த பையன் கேட்டது, "யாரைப் பார்க்க, டிராவிடையா?" இலக்கு 271. சச்சின் 136-ல் ஆட்டமிழந்தபோது இன்னும் 17 ரன்தான் வேண்டும். 12 ரன்னில் தோற்றோம். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்படியும் எல்லோரோடும் எழுந்து நின்று பாகிஸ்தான்காரர்களுக்குக் கைதட்டினேன். விஷயம் தெரிந்த ரசிகர்கள் என்று சேப்பாக்கத்தை இன்றுவரை உலகம் புகழ்கிறது. அப்படிச் சொன்னதும் மனசில் வருவது மடியில் டிரான்சிஸ்டரோடு ஒரு மாமா. எனக்கே அவர்தான் வருகிறார்!

'யாரைப் பார்க்க வந்தாய்' என்பது பெண்ணிடம் மட்டும்தான் கேட்கப்படுகிறது. இதே மைதானத்தில் ஐபிஎல்லில் நம் சென்னை அணியின் விக்கெட் விழுந்தால் ஆரவாரம் செய்த கூட்டம் உண்டு, அடுத்து தோனி இறங்குவார் என்பதற்காக. தான் முன்னால் ஆடப் போனால் எப்போது அவுட் ஆவோம் என்று காத்திருக்கிறார்கள் என 2023-ல், அப்போது சென்னைக்கு ஆடிய ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அந்தக் கூட்டத்தில் எத்தனை ஆண்கள்! அவர்களிடம் யாரும் கூக்ளி பற்றிக் கேட்பதில்லை. அது 'வெறித்தனம்', நாங்கள் செய்தால் மட்டும் 'ஜொள்ளு'.

சரி, ஆடுவதே பெண்கள் என்றால்? 2024-ல் இந்தியப் பெண்கள் இங்கே தென்னாப்பிரிக்காவோடு டெஸ்ட் ஆடினார்கள். ஷஃபாலி வர்மா 205, அணி 6 விக்கெட்டுக்கு 603. பெண்கள் டெஸ்ட்டில் அதுவரை எந்த அணியும் 600-ஐத் தொட்டதில்லை. நானும் மகளும் போய்விட்டு வந்ததைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரர், "லேடீஸ் ஆடுறாங்கன்னு சப்போர்ட் பண்ணப் போனீங்களாக்கும்" என்றார். ஸ்நேஹ் ராணா முதல் இன்னிங்ஸில் எட்டு விக்கெட் எடுத்ததைப் பார்க்கப் போயிருக்க மாட்டோமா?

கேமராவைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிக்சர் போனதும் அது கூட்டத்தில் ஒரு அழகான முகத்தைத் தேடிப் பிடிக்கிறது, அப்புறம் ஊரே அந்தப் பெண் யார் என்று தேடுகிறது. 2018 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது, இப்படி இளம்பெண்களை நெருக்கத்தில் காட்டுவதைக் குறைக்கும்படி ஒளிபரப்பாளர்களிடம் ஃபிஃபா சொன்னது. இங்கே அப்படி யாரும் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை.

ஸ்டம்ப்புக்குப் போகும் பந்தைக் காலால் தடுத்தால் அவுட் என்கிற எல்பிடபிள்யூ, என் அக்காவுக்கு இன்றுவரை புரியாது. ஆனால் சென்னை தோற்ற இரவு அவள் சாப்பிட மாட்டாள். அவளும் ரசிகைதான், எந்தப் பரீட்சையும் எழுதாமலேயே.

துணுக்கு எழுதிய அன்பருக்கு மட்டும் நானும் ஒரு பரீட்சை வைத்துக்கொள்கிறேன். 1986-ல் இதே சேப்பாக்கத்தில் இந்தியா–ஆஸ்திரேலியா டெஸ்ட் இரு அணியும் சம ரன்னில் முடிந்து டை ஆனதே, கடைசி விக்கெட்டாக எல்பிடபிள்யூ ஆனவர் யார்? கூகுளைப் பார்க்கக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருவல்லிக்கேணி, சென்னை.