மத்தியானச் சர்க்கரை

அன்புள்ள மல்லி,

நான்கு மாதமாக உன் வாய்ஸ் மெசேஜ் எதற்கும் பதில் போடவில்லை, திட்டாதே. ஜெயா அக்கா சொல்லியிருப்பாள், லூபஸ், அதுதான் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் என் வியாதி, மறுபடி கிளம்பிவிட்டது. மூட்டெல்லாம் வீக்கம், சிறுநீரில் புரதம், போதாததற்கு ரத்தச் சிவப்பணுக்களும் அழிந்துகொண்டிருந்தன. வைசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மில்லிகிராமுக்கு ஏற்றினார்கள். முகம் உப்பி, ஹாஸ்டல் குரூப் போட்டோவில் நீ இருப்பாயே, அதே கன்னம்!

அதைச் சொல்ல எழுதவில்லை. எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது. இத்தனை நாளும் வெறும் வயிற்றில்தான் ரத்தம் கொடுத்தேன். 92, 95 என்றே வந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 5.4. நிம்மதியாக இருந்தேன். ஆனால் சாயங்காலமானால் நாக்கு வறண்டுவிடும், ராத்திரி நாலு தடவை எழுந்திருக்க வேண்டும். ஒருநாள் மாமியாரின் மெஷினை எடுத்து, மத்தியானம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து விரலைக் குத்தினால் 286. ஸ்ட்ரிப் கெட்டிருக்கும் என்று இன்னொன்றில் பார்த்தேன். 279.

காலையில் போடும் ஸ்டீராய்டு மத்தியானத்திலிருந்து ராத்திரி வரைதான் சர்க்கரையைத் தூக்குமாம், விடிவதற்குள் அது இறங்கிவிடும். அந்த 5.4-ஐயும் நம்பியிருக்கக் கூடாது. சிவப்பணு தன் ஆயுள் முழுக்க இருந்தால்தான் அந்தக் கணக்கு சரிவரும், என் அணுக்கள் பாதியிலேயே போய்விடுகின்றன. போதாக்குறைக்கு லூபஸின் அழற்சியே இன்சுலினைச் சரியாக வேலை செய்யவிடாது. இதை மாத்திரையை ஏற்றிய அன்றே ஒருவர் சொல்லியிருக்கலாமே என்று இன்னும் ஆறவில்லை எனக்கு.

இப்போது காலையில் மாத்திரையோடு இன்சுலின் ஊசியும். லூபஸுக்கு வழக்கமாகப் போடும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை சர்க்கரையையும் கொஞ்சம் குறைக்கும், 2014-இல் நம் நாட்டில் சர்க்கரை நோய்க்கே அதை அனுமதித்திருக்கிறார்கள். ஊசியும் அதுவும் சேர்ந்தால் ஒரேயடியாக இறங்கிவிடலாம் என்பதால், பையில் எப்போதும் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கிறது.

மல்லி, உன் அம்மாவும் இதே ஸ்டீராய்டு மாத்திரைதானே போடுகிறார்கள்? "ஃபாஸ்டிங் நார்மல்" என்று நீ அனுப்பியதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. பயந்துபோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இவ்வளவு நாள் போட்டதில் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு அடங்கிப்போயிருக்கும், திடீரென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. நாளை மத்தியானம் அம்மா சாப்பிட உட்காரும் நேரத்தைக் குறித்துக்கொள், இரண்டு மணி நேரம் கழித்துப் பார். எண் எதுவாக இருந்தாலும் ராத்திரிக்குள் எனக்கு அனுப்பு.

உன்
சுமதி