கோடை அரண்மனைச் சுவரில் ஒரு காஞ்சிபுரத்துக் கிராமம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மைசூர்ச் சுற்றுலா செல்லும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பல, வழியில் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கி அரங்கநாதரைச் சேவித்துவிட்டு, திப்பு சுல்தானின் கோடை அரண்மனையான தரியா தௌலத்தையும் பார்த்துத் திரும்புகின்றன. சென்ற விடுமுறையில் நானும் பேரப்பிள்ளைகளுடன் அவ்வாறே ஒரு சுற்றுலாப் பேருந்தில் சென்றிருந்தேன். அரண்மனைக்கென்று எங்களுக்குத் தரப்பட்ட நேரம் 20 நிமிடம். மேற்குச் சுவரை நிறைத்திருக்கும் போர் ஓவியத்தைக் கைகாட்டி, "ஆங்கிலேயரோடு நடந்த சண்டை" என்ற ஒரே வரியோடு வழிகாட்டி நகர்ந்துவிட்டார். அந்தச் சண்டை நடந்த இடம் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூர் என்பது, காஞ்சிபுரத்திலிருந்தே புறப்பட்டு வந்த எங்கள் பேருந்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. 30 ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் அது என்னை மிகவும் வருத்தியதால் இதை எழுதுகிறேன்.

1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள், குண்டூரிலிருந்து வந்துகொண்டிருந்த ஆங்கிலேயத் தளபதி கர்னல் பெய்லியின் படை, காஞ்சிபுரத்தில் முகாமிட்டிருந்த ஹெக்டர் மன்றோவின் படையோடு சேர்வதற்கு முன்பாகவே, மைசூரை ஆண்ட ஹைதர் அலியும் அவர் மகன் திப்புவும் அதைப் புள்ளலூரில் வளைத்துக்கொண்டனர். சில கல் தொலைவிலேயே இருந்தும் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. பெய்லி பிடிபட்ட செய்தி எட்டியதும் அவர் தம் பெரிய பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோயில் குளத்தில் தள்ளிவிட்டுப் பின்வாங்கினார். ஆங்கிலேயர் எழுதிவைத்தபடி 'பொள்ளிலூர்' என்ற பெயரே நூல்களில் புழங்குவதால், படித்தவர்களுக்குக்கூட அது நம் புள்ளலூர்தான் என்று தோன்றுவதில்லை. பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பகைவரை வென்ற இடமாகக் காசாக்குடிச் செப்பேடு கூறுவதும் இதே ஊரைத்தான்.

இவ்வெற்றிக்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1784இல் தரியா தௌலத் எழுந்தது. 'கடலின் செல்வம்' என்று பொருள்படும் பெயருடைய அந்த மாளிகை பெரிதன்று. பெரும்பகுதியும் தேக்கு மரத்தால் ஆனது. வெயில் படாமலிருக்கப் பச்சைத் தட்டிகள் கட்டிய தாழ்வாரத்துக்குள் நுழைந்து, மேற்குச் சுவரின் முன் பொறுமையாக நின்றால்தான் அந்த ஓவியம் பிடிபடும். நடுவில் சதுரமாக அணிவகுத்து நிற்கும் கும்பினிச் (கிழக்கிந்தியக் கம்பெனிச்) சிப்பாய்கள், அவர்களுக்குள்ளே பல்லக்கில் விரலை வாயில் வைத்தபடி திகைத்திருக்கும் பெய்லி, வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டி, தொலைநோக்கியால் பார்க்கும் பிரெஞ்சு அதிகாரி, நாலாபுறமும் அலையலையாகப் பாய்ந்து வரும் மைசூர்க் குதிரைகள் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படும். பெய்லியின் முகத்தைச் சுட்டி, "இவர் நம் ஊர்ப் பக்கத்தில் பிடிபட்டவர்" என்று சொன்னபோதுதான் என் பேத்தி கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டுச் சுவரை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை ஆங்கிலேயரிடம் வீழ்ந்தபின் இம்மாளிகையில் தங்கிய ஆங்கிலேய அதிகாரி கர்னல் ஆர்தர் வெல்லெஸ்லி சிதைந்திருந்த ஓவியங்களைச் சீர்செய்வித்தார். பின்னாளில் கவர்னர் ஜெனரல் டல்ஹவுசி பிரபுவும் அவற்றைப் புதுப்பிக்க ஆணையிட்டார். தங்கள் படையின் படுதோல்வியைக் காட்டும் ஓவியத்தைத் தோற்றவர்களே காத்துக் கொடுத்தார்கள் என்பதை நான் ஒவ்வொரு முறையும் வியப்போடு நினைத்துக்கொள்வேன்.

சுவரில் கண்ட கதையின் மிச்சம் அவ்வூரிலேயே விரிகிறது. கோட்டைக்குள் பெய்லியின் பெயரால் அழைக்கப்படும் பாதாளச் சிறை இருக்கிறது. கைதிகளைச் சங்கிலியிட்ட கற்கள் இன்றும் அதன் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கின்றன. பெய்லி 1782இல் சிறைப்பட்ட நிலையிலேயே இறந்தார். அவருடைய நினைவு மண்டபம், தரியா தௌலத்துக்குக் கிழக்கே, ஹைதரும் அவர் மனைவியும் திப்புவும் அடக்கமாகியுள்ள கும்பஸ் என்னும் கல்லறை மாளிகைக்கு அருகில் நிற்கிறது. 1799 மே 4 அன்று திப்புவின் உடல் கிடந்த இடம் கோட்டைக்குள் அடையாளமிடப்பட்டுள்ளது. ஆகவே கோயில், சிறை, திப்பு வீழ்ந்த இடம், கோடை அரண்மனை, கும்பஸ், காவிரிச் சங்கமம் என்று மேற்கிலிருந்து கிழக்காகச் சென்றால் அரை நாளில் அனைத்தையும் பார்த்துவிடலாம். எங்கள் பேருந்தோ சிறையையும் நினைவு மண்டபத்தையும் பார்க்காமலே மைசூருக்கு விரைந்தது.

இக்கதை மீண்டும் தமிழ்நாட்டுக்கே திரும்புகிறது என்பதையும் சொல்ல வேண்டும். திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1806ஆம் ஆண்டு ஜூலை 10 அன்று சிப்பாய்கள் அங்கே கிளர்ந்தெழுந்தபின் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டனர்.

எனவே, தமிழ்நாட்டிலிருந்து பயணிகளை அழைத்துச் செல்லும் சுற்றுலா நிறுவனங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அரை நாளேனும் ஒதுக்கி, அந்த மேற்குச் சுவரில் இருப்பது புள்ளலூர் என்பதைப் பயணிகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். 1781இல் அதே களத்தில் நடந்த இரண்டாம் போரில் இறந்த ஆங்கில அதிகாரிகள் இருவரின் நினைவுத் தூண்கள் புள்ளலூரில் நிற்கின்றன. காஞ்சிபுரம் வட்டாரப் பள்ளிகள் மாணவர்களுக்கு முதலில் அவற்றைக் காட்டிவிட்டுப் பிறகு மைசூருக்கு அழைத்துச் சென்றால், அவர்கள் அந்த ஓவியத்தின் முன் 20 நிமிடத்தில் திரும்பிவிட மாட்டார்கள். வரும் செப்டம்பர் 10 அன்று தங்கள் நாளிதழின் காஞ்சிபுரம் பதிப்பில், எந்த உருவம் யாரைக் குறிக்கிறது என்ற விளக்கத்துடன் அந்த ஓவியத்தின் படத்தை அரைப்பக்க அளவிலாவது வெளியிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்,
காஞ்சிபுரம்.