தேதி மாற்ற முடியாத மலிவுச் சீட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் ஜூன் மாதப் பள்ளி விடுமுறை நெருங்கிக்கொண்டிருக்கிறது. கொவிட்-19 காரணமாக நிறுத்தியிருந்த தன் வழக்கமான அனைத்துலக விமானச் சேவைகளை இந்தியா 2022 மார்ச் 27ஆம் தேதி மீண்டும் தொடங்கியது. சிங்கப்பூரும் தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டோருக்கு அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் எல்லையைத் திறந்து, ஏப்ரல் 26 முதல் புறப்பாட்டுக்கு முந்திய கொவிட் பரிசோதனையையும் நீக்கியது. ஈராண்டுகளாக ஊர்ப்பக்கம் போகாமல் இருந்த குடும்பங்கள் அப்போது விமானச் சீட்டுக்கு அலைந்ததில் வியப்பில்லை. லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவில் எந்தப் பயண முகவரின் கடையில் நின்றாலும் "திருச்சிக்கு என்ன விலை?" என்ற கேள்விதான் காதில் விழுகிறது. "உடம்பு சரியில்லாமல் போனால் தேதியை மாற்ற முடியுமா?" என்று கேட்பவர் அரிது. இந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியே எழுத விரும்புகிறேன்.

மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் சீட்டுகளில் பெரும்பாலானவற்றுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது. தேதியை மாற்ற அனுமதி இருந்தாலும், அதற்கொரு கட்டணமும், பழைய விலைக்கும் அன்றைய விலைக்கும் உள்ள வித்தியாசமும் கட்ட வேண்டியிருக்கும். விடுமுறைக் காலத்தில் அந்த வித்தியாசமே புதுச் சீட்டின் விலையை எட்டிவிடும். நால்வர் கொண்ட ஒரு குடும்பம் நாளைக் காலை புறப்பட வேண்டும், இன்றிரவு பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டிலேயே கொவிட் பரிசோதனை செய்யும் ஏஆர்டி கருவியில் தொற்றைக் காட்டும் இரண்டு கோடுகள் என்று வைத்துக்கொள்வோம். பயணத்தைத் தள்ளிப்போட்டால் நான்கு சீட்டுப் பணமும் போய்விடும். விமான நிலையத்தில் பரிசோதனை முடிவைக் கேட்கப்போவதில்லை. காய்ச்சல் மாத்திரையைக் கொடுத்து, முகக்கவசத்தை மாட்டிவிட்டு ஏறிவிடலாம் என்று அந்தத் தகப்பனார் நினைத்தால், அவரை மட்டும் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொல்பவருக்கு அபராதமும் மறைப்பவருக்குச் சலுகையும் தருவது அந்தச் சீட்டின் விதிமுறை. அதன் விலையில் ஒரு பங்கைப் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் முதியவர் தம் நுரையீரலால் கட்டுகிறார்.

விமானத்துக்குள் இருக்கும் காற்றே கெட்டது என்று அஞ்சுவோர் நம்மிடையே பலர். அந்த அச்சம் பாதி அளவுக்குத்தான் சரியானது. தற்காலப் பெரிய பயணிகள் விமானங்களில் உள்ள ஹெப்பா வடிகட்டிகள் 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் ஏறத்தாழ 99.97 விழுக்காட்டைப் பிடித்துவிடுகின்றன. பறக்கும்போது உள்ளிருக்கும் காற்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறது. ஆனால் அடுத்த இருக்கைக்காரர் இருமினால், அந்தக் காற்று வடிகட்டியைச் சென்று சேருமுன் நம் மூக்கைச் சேர்ந்துவிடும். ஏறுவதற்கான வரிசை, இறங்கியபின் ஏற்றிச் செல்லும் பேருந்து, குடிநுழைவுச் சோதனைக் கூடத்தின் நெரிசல் ஆகிய இடங்களில் அத்தகைய வடிகட்டியும் கிடையாது. எனவே முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 வகை முகக்கவசத்தை வீட்டு வாசலிலிருந்தே அணிவதும், உணவு வரும்போது கவசம் அணிந்தோரும் ஒருசேர அதைக் கழற்றும் அந்தக் கால் மணி நேரத்தில் நாம் மட்டும் சற்றுப் பொறுத்திருந்து பிறகு உண்பதும் பயன்தரும். நான்கு மணி நேரப் பயணத்தில் இது ஒன்றும் பட்டினியாகிவிடாது.

மலிவைத் தேடுவோர் கையாளும் மற்றொரு வழி, இரண்டு தனித்தனிச் சீட்டுகளை வாங்கி வேறொரு நகரத்தில் விமானம் மாறுவது. சிங்கப்பூரை மலேசியாவோடு இணைக்கும் ஜொகூர்க் கடற்பாலம் 2022இல் மீண்டும் திறந்த பிறகு ஜொகூரின் செனாய் விமான நிலையத்திலிருந்தோ கோலாலம்பூரிலிருந்தோ ஏறலாம் என்ற யோசனையும் பரவியது. கையில் ஒரு பையோடு செல்லும் இளைஞருக்கு இது ஒத்துவரலாம். ஆனால் தனித்தனிச் சீட்டு என்றால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரண்டாம் நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை. பெட்டிகளை எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டியிருந்தால், இடையில் உள்ள நாட்டின் நுழைவு விதிகளும் நமக்குப் பொருந்தும். நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ள பெற்றோரை இரவு முழுவதும் நாற்காலியில் உட்காரவைத்து மிச்சப்படுத்தும் பணத்தைச் சேமிப்பு என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை. நான்கு மணி நேரமோ அதற்கு மேலோ அசையாமல் அமர்ந்து பயணம் செய்வோருக்குக் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு கூறியது. தனி ஒருவருக்கு அந்த ஆபத்து சிறியதுதான். ஆயினும் நேரடி விமானமே அந்த எல்லையைத் தொடும்போது, அதற்குமேல் மணிக்கணக்கைக் கூட்டுவானேன்? எந்த வழியில் சென்றாலும் இன்சுலினையும் அன்றாட மாத்திரைகளையும் மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெட்டி வந்து சேரத் தாமதமானாலும் மருந்து தவறக்கூடாது.

செலவைக் குறைக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. விடுமுறையின் முதல் வாரயிறுதியைத் தவிர்த்து வாரத்தின் நடுவில் புறப்படலாம், பெட்டியின் எடையைக் குறைக்கலாம். இறங்கும் ஊரைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது இவற்றைவிட முக்கியம். தடுப்பூசி போட்டுக்கொண்டோருக்கான சிறப்புப் பயணத் தடமான விடிஎல் ஏற்பாடு இந்தியாவுடன் 2021 நவம்பர் 29இல் தொடங்கியபோது சென்னை, டெல்லி, மும்பை ஆகிய மூன்று நகரங்களுக்கு மட்டுமே அது இருந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைக்காரர்கள் சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேல் சாலையில் போய்வந்தார்கள். இன்றும் சென்னைச் சீட்டு சற்று மலிவு என்று அதையே வாங்குவோர், வாடகைக் காரையும் அலைச்சலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அதே விடிஎல் சீட்டு விற்பனை ஓமிக்ரான் காரணமாக 2021 டிசம்பர் 23 முதல் 2022 ஜனவரி 20 வரை நிறுத்தப்பட்டதையும், பொங்கலுக்குப் போக எண்ணியிருந்தோர் தவித்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். விதிகள் மறுபடியும் மாறலாம்.

காப்புறுதியைப் பற்றி ஒரு சொல். சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டு மருத்துவச் செலவை ஏற்பதில்லை. விடிஎல் வழி இங்கு வந்த குறுகியகால வருகையாளர்களிடம் குறைந்தது 30,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் (டாலர்) கொவிட்-19 காப்புறுதி கேட்ட நாம், நாம் புறப்படும்போது அதைத் தேவையற்ற செலவாகக் கருதுவது பொருந்தவில்லை. வெளிநாட்டில் சிகிச்சை பெறும் செலவோடு, புறப்படுமுன் தொற்று கண்டு பயணத்தைக் கைவிட்டாலும் இழப்பீடு கிடைக்குமா என்பதைப் பார்த்து வாங்க வேண்டும்.

கொவிட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதால் பழைய நோய்களை மறந்துவிடுகிறோம். "சொந்த ஊர்தானே" என்ற எண்ணத்தில், சுற்றுலாப் பயணிகள் போட்டுக்கொள்ளும் டைஃபாய்டு, ஹெப்படைட்டிஸ் ஏ தடுப்பூசிகளை நாம் போட்டுக்கொள்வதில்லை. சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது சொந்த ஊர் அன்று. அவர்கள் வயிற்றுக்கு நிச்சயமாக அன்று. புறப்பட இரண்டு வாரங்களுக்கு முன்பாவது மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

பயண முகவர்களுக்கும் விமான நிறுவனங்களுக்கும் ஒரு வேண்டுகோள். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் ஊரடங்குக்கால விமானச் சீட்டுகளுக்குப் பணத்தைத் திருப்பித்தர உத்தரவிட்டபோது, முகவர்வழி வாங்கிய சீட்டுகளின் பணம் முகவரிடமிருந்து உடனே பயணிக்குச் சேர வேண்டும் என்றும் கூறியது. வழக்கு மன்றம் வரை போகாமலேயே இங்கு இதைச் சீர்செய்யலாம். தமிழில் விலையைப் பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வோர், தேதி மாற்றக் கட்டணம் எவ்வளவு, பணம் திரும்பக் கிடைக்குமா என்பவற்றையும் அதே விளம்பரத்தில் தமிழிலேயே அச்சிடட்டும். தொற்று உறுதியானதாக மருத்துவச் சான்று காட்டும் பயணிக்கு ஒருமுறையாவது கட்டணமின்றித் தேதியை மாற்றித் தரும் வசதியை மலிவுச் சீட்டுகளுக்கும் விமான நிறுவனங்கள் வழங்கட்டும். பயணங்கள் முடங்கிக் கிடந்த 2020இல் பல நிறுவனங்கள் தாமாகவே தேதி மாற்றக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்தன. இருக்கைகள் நிரம்பத் தொடங்கியதும் அந்தச் சலுகை மெல்ல மறையத் தொடங்கியது.

வாசகர்களும் பணம் கட்டுமுன், முகவர் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் பெற்றவரா என்று பார்த்து, தேதி மாற்ற நிபந்தனையை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னர்ச் சிக்கல் வந்தால் பயனீட்டாளர் சங்கத்திடமோ, 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நடுவர் மன்றத்திடமோ செல்லும்போது அந்தத் தாள்தான் கைகொடுக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
புக்கிட் பாஞ்சாங்