என் தலைசுற்றலின் காரணத்தைக் கண்டறிந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களுக்கும், கண் பரிசோதகருக்கும், உடன் பணிபுரியும் ஆசிரியைகளுக்கும், என் வீட்டாருக்கும் வணக்கம்.

காரணம் தெரியாத தலைசுற்றலோடும் படபடப்போடும் நெடுநாள் அலைந்த எனக்கு, அவை வலக்கண்ணின் ஒரு தசையிலிருந்து தொடங்கியவை என்று இப்போது தெரிந்திருக்கிறது. இதே தொல்லையில் இருக்கும் வேறு யாருக்காவது பயன்படக்கூடும் என்பதால், உங்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் குடும்ப மருத்துவருக்கும் காது மூக்கு தொண்டை மருத்துவருக்கும். படுத்திருக்கும்போதும் எழுந்து நிற்கும்போதும் இரத்த அழுத்தத்தைப் பார்த்தீர்கள். சர்க்கரை, தைராய்டு, இரத்தசோகை என ஒவ்வொன்றையும் சோதித்தீர்கள். தலையை ஒருபுறம் திருப்பிச் சட்டென்று படுக்கவைத்து உள்காதில் கோளாறு உண்டா என்றும் பார்த்தீர்கள். எல்லாமே 'நார்மல்' என்று வந்தபோது, வீண் செலவு என்று உறவினர் சிலர் சொன்னார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தலைசுற்றல் என்றால் இவற்றை முதலில் பார்ப்பதே முறை. இவை இல்லை என்று நீங்கள் உறுதியாகச் சொன்னதால்தான் அடுத்தவர் வேறு இடத்தில் தேட முடிந்தது.

அந்த அடுத்தவர் மனநல மருத்துவர் அம்மா. ஜவுளிக் கடையில் அடுக்கடுக்கான புடவைகளுக்கு நடுவே நிற்கும்போதும், சத்திரம் பேருந்து நிலைய நெரிசலிலும், கரும்பலகையிலிருந்து வகுப்பின் பக்கம் திரும்பும்போதும் தரை சரிவதுபோல் தோன்றி எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். இதை நீங்கள் மனப்பிரமை என்று ஒதுக்கவில்லை. பயம் முதலில் வருகிறதா, கிறுகிறுப்பு முதலில் வருகிறதா என்று கேட்டீர்கள். கிறுகிறுப்புதான் என்று சொன்னதும், அந்த நேரத்தில் ஒரு கண்ணைக் கையால் மூடிப் பார்க்கச் சொன்னீர்கள். மூடினேன், சற்று நேரத்தில் அடங்கியது. என் வாழ்க்கையைத் திருப்பிக் கொடுத்த கேள்வி அதுதான் அம்மா.

கண் பரிசோதகர் தம்பிக்கு, வெளியே அத்தனை பேர் காத்திருந்தும் அவசரப்படாமல் உட்கார்ந்து பார்த்ததற்காக நன்றி. என் வலக்கண்ணுக்கு முன்னால் வரிவரியான சிவப்புக் கண்ணாடி ஒன்றை வைத்து, எதிரே ஒரு சிறு விளக்கைக் காட்டினீர்கள். அந்தக் கண்ணுக்கு விளக்கு சிவப்புக் கோடாகவும், மற்றக் கண்ணுக்கு வெறும் புள்ளியாகவும் தெரியும். இரண்டு கண்ணும் ஒரே மட்டத்தில் இருந்தால் கோடு புள்ளியின் ஊடே செல்ல வேண்டும். எனக்கோ கோடு புள்ளிக்குக் கீழே கிடந்தது, அதாவது வலக்கண் சற்று மேலே தூக்கியிருந்தது. விடைத்தாள் திருத்தும்போது வரிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியதும், மதிப்பெண் கூட்டும்போது வரி தவறியதும் ஏன் என்று அந்த நொடியில் புரிந்தது.

கண் மருத்துவர் ஐயா, தலையை வலத்தோள் பக்கம் சாய்க்கச் சொன்னீர்கள். வலக்கண் இன்னும் மேலேறியது. நான்காம் மூளை நரம்பு இயக்கும் தசை அந்தக் கண்ணில் பிறவியிலேயே பலவீனமாக இருந்திருக்கலாம் என்றும், இளவயதில் மூளை இரண்டு பிம்பங்களையும் இழுத்து ஒன்றாக்கிக்கொண்டது, நாற்பதைத் தாண்டியதும் அந்தத் திறன் தளர்ந்துவிட்டது என்றும் பொறுமையாக விளக்கினீர்கள். புதிதாக வந்த நரம்புக் கோளாறு அல்ல என்பதை உறுதிப்படுத்தப் பழைய புகைப்படங்களைக் கேட்டீர்கள். பெரியம்மா தன் டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துத் தந்த படங்களில், பள்ளிக் குழுப்படம் உட்பட எல்லாவற்றிலும் என் தலை இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது; அந்தக் கண்ணின் குறையை ஈடுகட்டச் சிறுவயதிலிருந்தே அப்படிச் சாய்த்திருக்கிறேன். அவற்றை இத்தனை காலம் பத்திரப்படுத்திய பெரியம்மாவுக்கும் என் வணக்கம்.

இரண்டு பிம்பங்களும் ஒன்றாகச் சேரும்படி ஒளியைச் சற்றே வளைக்கும் பிரிசம் கண்ணாடியை எனக்கு எழுதிக் கொடுத்தீர்கள். அதில் 1 டயாப்டர் என்பது 1 மீட்டர் தொலைவில் பிம்பத்தை 1 சென்டிமீட்டர் நகர்த்தும் அளவு. எனக்கு இரண்டு கண்ணுக்கும் பிரித்துக் கொடுத்தது மொத்தம் 3 டயாப்டர்தான். இரு விழிகளின் மையத்தையும் தனித்தனியே குறித்து, ஃபிரேம் சரியாமல் உட்காரும்வரை திருத்திக் கொடுத்த கண்ணாடிக் கடைக்காரருக்கும் நன்றி. படபடப்பு ஒரே நாளில் போய்விடவில்லை. நெடுநாள் பழகிய பயம் மெல்ல மெல்லத்தான் விலகுகிறது. அதற்காக மனநல மருத்துவரிடம் இன்னும் செல்கிறேன்.

என் பத்தாம் வகுப்புப் பாடங்களைச் சொல்லாமலே பகிர்ந்துகொண்ட கணிதத் துறை ஆசிரியைகளே, கடைத்தெருவில் என் கையை விடாமல் நடந்த என் கணவரே, உங்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. அரையாண்டுத் தேர்வின் விடைத்தாள்களை இம்முறை நானே முழுவதும் திருத்தி முடித்துவிட்டேன் என்பதை உங்கள் எல்லோருக்கும் மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

நன்றியுடன்,
ஒரு கணித ஆசிரியை,
திருச்சிராப்பள்ளி.