படத்தைச் சுருக்கும் முன்: மகளுக்கு ஒரு கடிதம்

வேலூர்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே ஆயாவும் அப்பாவும் நலம். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலில் நீ எடுத்த படங்களை உறவினர்கள் பார்க்க இணையத்தில் ஏற்றியபோது, அகழியும் வானமும் நன்றாக வந்திருக்க, கல்யாண மண்டபத்து யாளித் தூண்கள் மட்டும் மெழுகு பூசியது போல் மழுங்கிப்போனது ஏன் என்று கேட்டிருந்தாய். போனில் சொன்னால் பாதிதான் மனத்தில் நிற்கும். அச்சகத்தில் டிடிபி வேலையில் இத்தனை ஆண்டுகள் படங்களோடு பழகியதில் எனக்குத் தெரிந்ததை எழுதியே அனுப்புகிறேன்.

உன் கேமரா தரும் படம் 6000க்கு 4000 பிக்சல், அதாவது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். புள்ளிக்கு 3 பைட் வீதம் சுருக்காமல் வைத்தால் அது 72 எம்பி ஆகும். கேமராவே அதை ஜேபெக் என்ற சுருக்கிய பட வடிவமாக்கி 10 எம்பி அளவுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. சித்தப்பாவின் செல்போன் திரையோ குறுக்கே ஆயிரத்துச் சொச்சம் பிக்சல்தான் காட்டும். ஆகவே குவாலிட்டியில், அதாவது சேமிக்கும்போது 100க்கு இத்தனை என்று கொடுக்கும் தர எண்ணில், கை வைப்பதற்கு முன்பு நீள அகலத்தைக் குறைக்க வேண்டும். 1800க்கு 1200 ஆக்கினால் புள்ளிகள் ஏறக்குறைய 11இல் ஒரு பங்காகிவிடும். திரையில் பார்ப்பவருக்குக் குறை தெரியாது, யாராவது ஆசைப்பட்டு 6க்கு 4 அங்குலத்தில் பிரிண்ட் போட்டாலும் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற எங்கள் அச்சுக் கணக்குக்குச் சரியாக வரும். நீ நீள அகலத்தை அப்படியே விட்டுவிட்டு, குவாலிட்டியை 30க்கு இறக்கியிருக்கிறாய். யாளி அங்கேதான் மழுங்கியது.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மெல்ல மாறும் வெளிச்சத்தைக் காப்பாற்றி, சட்டென்று ஏறி இறங்கும் நுணுக்கங்களைக் குவாலிட்டி எண்ணுக்குத் தக்கபடி தள்ளிவிடுகிறது. இதற்கான கணக்கைப் பெங்களூரில் பிறந்த நாசிர் அகமது என்பவர், நடராஜன், கே. ஆர். ராவ் ஆகிய இருவரோடு சேர்ந்து 1974இல் வெளியிட்டார். 1992இல் வந்த ஜேபெக் தரம் அதன் மேல்தான் நிற்கிறது. உலகமே நாள்தோறும் பயன்படுத்தும் ஒரு கணக்கில் நம் பக்கத்து ஊரில் பிறந்தவரின் பெயர் இருப்பதில் எனக்கு நிறையப் பெருமை உண்டு. வானத்தில் தள்ளிவிட நுணுக்கம் ஏதும் இல்லை, அதனால் அது தப்பித்தது. யாளியின் பல்வரிசை, குதிரையின் கடிவாளத்தில் உளி இழுத்த கோடு, கருங்கல்லின் சொரசொரப்பு ஆகியவை எல்லாம் நுணுக்கமே என்பதால் அவைதான் முதலில் போயின.

சிற்பப் படங்களுக்கு 80க்குக் கீழே இறங்காதே. வானம், புல்வெளி, அகழித் தண்ணீர் என்றால் 70 கூடப் போதும். எல்லாப் படமும் 200 கேபிக்குள் இருக்க வேண்டும் என்று ஒரே கணக்கு வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. சிற்பம் 500 கேபி கேட்டால் கொடுத்துவிடு. சேமித்த பிறகு 100 சதவீத அளவில் திறந்து, தூணின் விளிம்பை ஒட்டிச் சிறு சதுரங்கள் தெரிகின்றனவா என்று பார்.

கல்யாணப் பத்திரிகையைப் படமாக வைக்கும் விஷயம் வேறு. மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்து இருந்தால் ஜேபெக் எழுத்தின் ஓரத்தைக் கலங்கடித்துவிடும், ஏனென்றால் அது வெளிச்சத்தைவிட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தோடு சேமிப்பது வழக்கம். அதை, எதையும் இழக்காமல் சுருக்கும் பிஎன்ஜி வடிவத்தில் வைத்துக்கொள்.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்காக எங்களிடம் வருகிறவர்களில் பலர், யாரோ யாருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, மறுபடியும் அனுப்பிய படத்தைத்தான் கொண்டுவருகிறார்கள். பெரிதாக்கினால் மீசையும் கன்னமும் கட்டம் கட்டமாக உடைந்து நிற்கும். ஒவ்வொரு முறை ஜேபெக்காகச் சேமிக்கும்போதும் கொஞ்சம் போகிறது, போனது எந்த மென்பொருளாலும் அப்படியே திரும்பி வராது. ஒரிஜினல் இருக்கிறதா என்று கேட்டால், போனில் இடம் இல்லை என்று அழித்துவிட்டோம் என்கிறார்கள். அப்பாவை இழந்து வந்து நிற்கும் பிள்ளையிடம் அதற்கு மேல் என்ன சொல்வது? அதனால், மகளே, சுருக்குவது எப்போதும் நகலில்தான் நடக்க வேண்டும். அந்த நகலும் ஒவ்வொரு முறையும் ஒரிஜினலிலிருந்தே எடுக்கப்பட வேண்டும். சுருக்கியதை எடுத்து மறுபடி சுருக்காதே. ஒரிஜினல்கள் ஹார்ட் டிஸ்க் ஒன்றிலும், அதைத் தவிர வேறோர் இடத்திலும் இருக்கட்டும்.

யாளிப் படங்களின் ஒரிஜினல்கள் இன்னும் மெமரி கார்டில் இருக்கின்றன என்று சொன்னாய். அதை அழிப்பதற்கு முன் எனக்கு வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பு. படமாக அனுப்பினால் அங்கேயே சுருங்கிவிடும். டாக்குமென்டாகப் போகும்போது எடுத்த இடத்தின் குறிப்பு படத்தில் பதிந்திருந்தால் அதுவும் கூடவே போகும் என்பதால், குழந்தையை வீட்டில் வைத்துப் போனில் எடுத்த படங்களை வெளியாருக்கு அப்படி அனுப்பாதே. வந்த படங்களை 80இலும் 60இலும் சேமித்து உனக்குத் திருப்பி அனுப்புகிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, கடிவாளக் கோட்டைப் பார்த்து, எது வேண்டும் என்று நீயே முடிவு செய்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அம்மா