சேஜ் புகையும் சிகிச்சைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

செப்டம்பர் 30 நினைவு நாளையொட்டி, கனடாவின் உறைவிடப் பள்ளிகளில் இருந்து மீண்ட பூர்வகுடியினர் பற்றிய உங்கள் தலையங்கத்தில் மன்னிப்பும் இழப்பீடும் நிறைய இருந்தன, அவர்கள் எப்படித் தேறி வருகிறார்கள் என்பது மட்டும் ஒரு வரியோடு முடிந்துவிட்டது. சுமார் 1,50,000 பிள்ளைகளைக் கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடித்த பள்ளிகள் அவை. பறித்தது மொழியையும் சடங்கையும் என்றால் மருந்தும் அங்கேதானே இருக்கும்? நான் வேலை பார்க்கும் மருத்துவமனையில், யாரிடமும் வாய் திறக்காத ஒரு பாட்டிக்காகச் சிப்பி ஓட்டில் பூர்வகுடியினர் சடங்கில் எரிக்கும் மணமூலிகையான சேஜ் இலையைப் புகைய விட்டோம் (தீ அலாரத்தை நிறுத்த அனுமதி வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது). புகையைக் கையால் அள்ளி முகத்திலும் தலையிலும் தடவிக்கொண்டவர், அப்புறம் சாப்பாடு கேட்டார்.

இத்தகைய பணிகளுக்கு உதவ 1998இல் தொடங்கிய பூர்வகுடி குணமாக்கல் அறக்கட்டளை, அரசு நிதி நின்றுபோனதால் 2014இல் மூடப்பட்டது. இந்தப் பள்ளிகளின் கொடுமைகளை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையத்தின் 94 பரிந்துரைகளில் 21ஆவது, குணமாக்கல் மையங்களுக்கு நிலையான நிதி கேட்கிறது. வருடா வருடம் விண்ணப்பம் போட வைக்காமல், பத்தாண்டுக்குச் சேர்த்தே ஒதுக்கினால் என்ன?