காட்டேரி பள்ளத்தாக்கின் மேல் ராணுவ, தனியார் ஹெலிகாப்டர்கள் ஆபத்தாக நெருங்கிப் பறப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
காட்டேரி பள்ளத்தாக்குச் சரிவுகளில் வசிக்கும் சிறு தேயிலை விவசாயிகள் மற்றும் கொழுந்து பறிக்கும் தொழிலாளர்கள்,
குன்னூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்,
உதகமண்டலம்.

பொருள்: ஒரே வான்வழியில் ராணுவ ஹெலிகாப்டர்களும் தனியார் ஹெலிகாப்டர்களும் ஒரே நேரத்தில் பறப்பதை ஒழுங்குபடுத்தக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்களும் அவற்றின் ஒப்புகைச் சீட்டுகளும் (நகல் இணைப்பில்).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து குன்னூரை அடுத்த வெலிங்டன் ராணுவப் பகுதிக்கு வரும் ஹெலிகாப்டர்கள் எந்தச் சரிவையொட்டி மேலேறுகின்றன என்பதும், பிரமுகர்களை ஏற்றிக்கொண்டு உதகை தீட்டுக்கல் ஹெலிகாப்டர் இறங்குதளத்துக்குப் போய்வரும் தனியார் ஹெலிகாப்டர்கள் பல வேளைகளில் அதே மலையிடுக்கைப் பயன்படுத்துகின்றன என்பதும் தாங்கள் அறியாதவை அல்ல. பர்லியாறு பக்கமிருந்து மூடுபனி ஏறிவிட்டால் அந்த இடுக்கிலும் பாதிதான் மிஞ்சுகிறது.

கடந்த ஐப்பசியில் ஒரு முற்பகல் ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று கீழிருந்து ஏறிக்கொண்டிருந்தபோது, வெள்ளை நிற ஹெலிகாப்டர் ஒன்று உதகைப் பக்கமிருந்து இறங்கி வந்தது. பனி சற்று விலகியபோது இரண்டையும் ஒருசேரக் கண்டோம். ஒன்று சட்டென்று ஒருபக்கம் சாய்ந்து திரும்பியதால் மட்டுமே அன்று எதுவும் நடக்கவில்லை. இடைவெளி எத்தனை அடி என்று அளந்து சொல்ல எங்களிடம் கருவி இல்லை; திரும்பிய அவசரத்தைப் பார்த்த கண்கள் இருக்கின்றன. இது முதல் தடவையும் அல்ல. ஆகவே கீழ்க்கண்டவற்றைத் தங்கள் கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவருகிறோம்.

1. 2021 டிசம்பர் 8 அன்று நஞ்சப்பசத்திரத்தில் நடந்ததைத் தங்களுக்கு நாங்கள் விவரிக்க வேண்டியதில்லை. காலை 11.48 மணிக்குச் சூலூரில் புறப்பட்டு 12.15க்கு வெலிங்டனில் இறங்கியிருக்க வேண்டிய எம்ஐ-17வி5 ஹெலிகாப்டர் விழுந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் உயிரிழந்தனர். போர்வையும் தண்ணீர்க் குடமுமாக முதலில் ஓடியவர்கள் ஊர்க்காரர்கள்தாம். பள்ளத்தாக்கில் வானிலை திடீரென மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானி நிலை தடுமாறியதே காரணம் என்று விசாரணையில் தெரியவந்தது. அந்த விபத்தில் சிக்கியது ஒரே ஒரு ஹெலிகாப்டர். அதே மேகத்துக்குள் இரண்டு இருந்தால் என்ன ஆகும் என்பதே எங்கள் கேள்வி.

2. இதனால் மிகுந்த துன்பத்துக்கு ஆளாகிறவர்கள் கொழுந்து பறிக்கும் பெண்கள். இடுப்பளவு அடர்ந்த செடிகளுக்கு நடுவே, ஒரு கால் வைக்க மட்டுமே இடமுள்ள சரிவில், முதுகில் மூட்டையுடன் நிற்பவர்களால் எந்தப் பக்கம் ஓட முடியும்? பனியில் ஹெலிகாப்டர் கண்ணுக்குத் தெரிவதில்லை. சத்தம் மட்டும் மலையில் மோதி எல்லாத் திசையிலிருந்தும் வருகிறது. ஒரு சத்தமா, இரண்டா என்று காது கொடுத்துப் பிரித்தறிய எங்கள் பெண்கள் பழகிவிட்டார்கள். இரண்டு என்று தெரிந்தால் மூட்டையைப் போட்டுவிட்டுச் செடிக்கடியில் குனிந்துகொள்கிறார்கள். அப்படி இறங்கும்போது வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த ஒரு மூதாட்டி இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. சத்தத்துக்கு மிரண்ட காட்டுமாடுகள் சோலையிலிருந்து தேயிலைக்குள் பாய்ந்து ஓடிவருவது இன்னொரு ஆபத்து. சிதறிய இலைக்கு எடையும் கிடையாது, கூலியும் கிடையாது. வானத்தில் இருப்பவர்களுக்கு இருக்கைப் பட்டையாவது இருக்கிறது, ஐயா.

3. ராடார் அலை மலையை ஊடுருவாது; தொட்டபெட்டாவும் அதைச் சார்ந்த முகடுகளும் மறைக்கும் இடத்தில் தாழப் பறப்பதைச் சமவெளியிலுள்ள கட்டுப்பாட்டு அறை முழுமையாகப் பார்க்க இயலாது. மோதல் தவிர்ப்புக் கருவி பொருத்தியிருந்தாலும், எதிரே வருவதன் டிரான்ஸ்பாண்டர் (தன் இருப்பை ரேடியோ அலையில் தெரிவிக்கும் கருவி) இயங்கினால்தான் அது எச்சரிக்கும். 1996 நவம்பர் 12 அன்று ஹரியானாவின் சர்க்கி தாத்ரி வானில் இரு விமானங்கள் மோதி 349 பேர் இறந்தனர். அவற்றில் ஒன்றான கஜகஸ்தான் விமானம் தனக்குச் சொன்ன உயரத்துக்குக் கீழே இறங்கியதே உடனடிக் காரணம். ஆயினும் வானப்பரப்பின் பெரும்பகுதி விமானப்படை வசம் இருந்ததால், தில்லிக்கு வரவும் போகவும் பயணிகள் விமானங்களுக்கு ஒரே பாதைதான் அன்று இருந்தது. 2025 ஜனவரி 29 அன்று அமெரிக்காவின் வாஷிங்டனில் ரீகன் விமான நிலையத்தருகே பயணிகள் விமானமும் ராணுவ ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தனர். அந்த விமான நிலையத்தருகே 2021 அக்டோபர் முதல் 2024 டிசம்பர் வரை விமானங்களும் ஹெலிகாப்டர்களும் நெருங்கிப் பறந்த 15,214 நிகழ்வுகள் பதிவாகியிருந்ததை விபத்துக்குப் பிறகுதான் எடுத்துப் பார்த்தார்கள். அங்கே பதிவாவது இருந்தது. இங்கே அப்படி ஒரு பதிவேடு உண்டா என்று கேட்டோம். அதற்கும் பதில் இல்லை.

4. ஓர் அலுவலகத்தில் "இது பாதுகாப்புத் துறை சார்ந்தது" என்றார்கள். இன்னொன்றில் "சிவில் விமானத் துறையைக் கேளுங்கள்" என்றார்கள். மூன்றாவது இடத்தில் "உரிய துறைக்கு அனுப்பப்பட்டுள்ளது" என்று ஒரு வரி வந்தது; அந்த உரிய துறை எதுவென்று அதில் இல்லை. 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர்க் கார் ஒன்றுகூட இந்த மலைக்கு வர முடியாது. எந்த நாளில் எத்தனை வண்டி வந்தது என்று கேட்டால் அலுவலகத்தில் உடனே சொல்கிறார்கள். தலைக்குமேல் இன்று எது வருகிறது, எப்போது வருகிறது என்று கேட்டால் மட்டும் ஏன் எல்லோரும் ஒருவரையொருவர் கைகாட்டுகிறார்கள்? தீட்டுக்கல்லுக்குத் தீயணைப்பு வண்டியும் காவலர்களும் போகிறார்களே, அவர்களுக்கு வருகை நேரம் தெரியாமலா போகிறார்கள்? தெரிந்த அந்த நேரத்தை வெலிங்டனுக்கும் சூலூருக்கும் ஒரு தொலைபேசியில் சொல்ல என்ன தடை?

5. ராணுவம் வரக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளே வெலிங்டனில் வேலை பார்க்கிறார்கள்.

ராணுவ வானூர்திகளுக்கு விலக்கு அளிக்கும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துக்கான 1944 சிகாகோ உடன்படிக்கையின் 3ஆம் உறுப்பே, சிவில் வானூர்திகளின் பாதுகாப்பைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. எனவே ராணுவ, தனியார் ஹெலிகாப்டர்களின் பயண நேரப் பட்டியல்கள் இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் ஓர் அலுவலரை நியமிக்கவும், ஒன்று பள்ளத்தாக்கைக் கடக்கும்வரை மற்றொன்றைக் காத்திருக்கச் செய்யவும், மூடுபனி நாட்களில் தனியார் ஹெலிகாப்டர்களை அனுமதிக்காதிருக்கவும், பறக்கும் நேரத்தைக் கிராம நிர்வாக அலுவலர் மூலம் முன்கூட்டியே எங்களுக்குத் தெரிவிக்கவும் ஆவன செய்யுமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறோம். தங்கள் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதென்றால், அதிகாரமுள்ளவருக்குத் தங்கள் பரிந்துரையுடன் அனுப்பி வைக்க வேண்டுகிறோம்.

அந்த ஓர் அலுவலர் போதும், ஐயா. அவரது பதவியையும் தொலைபேசி எண்ணையும் குறிப்பிட்டு, அடுத்த பருவமழை தொடங்கும் முன் எழுத்துப்பூர்வமாகப் பதில் தருமாறு மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மேற்படி ஊர் மக்கள்
(கையொப்பங்களும் கைநாட்டுகளும் தனித்தாளில்)